மாற்றியது நீங்கள்தான் என்று சொல்லுங்கள்: டெஸ்க்டொப் செய்கிறவர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

லினக்ஸ் கணினிகளின் டெஸ்க்டொப்பை, அதாவது திறந்ததும் திரையில் தெரிகிற முகப்பையும் பட்டைகளையும், செய்கிற நண்பர்களுக்கு வணக்கம்.

க்னோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ, மாட்டே, சினமன் என்று எதில் நீங்கள் வேலை செய்தாலும், அவற்றை எடுத்துக் கட்டி உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா என்ற லினக்ஸ் தொகுப்புகளாக எங்கள் கைக்குத் தருகிறவர்களாக இருந்தாலும், இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான். இந்தக் கதை நடந்தபோது எங்கள் கணினிகளில் இருந்தது எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கதை அந்தப் பெயரைப் பற்றியதாகிவிடும், மற்றவர்கள் தங்களுக்கில்லை என்று விட்டுவிடுவீர்கள்.

ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்து வாசிகசாலையின் பின்னறையில் பாவித்த கணினிகள் ஏழு வைத்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் சிலர் காசு அனுப்பி வாங்கித் தந்தவை. கூடினால் 4 ஜிபி நினைவகம், இரண்டில் இன்னும் பழைய சுழலும் வன்தட்டு. விண்டோஸ் 11ஐ இவை ஏற்காது, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஆகவே லினக்ஸ் எங்களுக்கு ஒரு விருப்பத் தெரிவு என்பதைவிட, இந்த இயந்திரங்கள் உயிரோடிருக்க இருக்கிற ஒரே வழி. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சதம் வாங்காமல் நீங்கள் செய்து தந்தது இல்லையென்றால் அந்த அறையே இல்லை.

கிழமையில் மூன்று நாள், பின்னேரம் 3 மணியிலிருந்து 5.30 வரை அறை திறந்திருக்கும். அதற்குமேல் வைக்க ஏலாது. பொழுதுபட்டால் யானை வீதிக்கு இறங்கும், பிள்ளைகள் அதற்கு முன் சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்கு ஒரு நாள் என்பது இரண்டரை மணித்தியாலம். அதில் ஒரு மணித்தியாலம் "அது எங்கே போச்சு, இது எங்கே போச்சு" என்று தேடுவதில் போனால், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அன்றைய நாள் பாதியாகிவிடும். அதற்குள் கரண்டும் போகாமல் இருக்க வேண்டும்.

ஆனால் நான் எழுத வந்தது பிள்ளைகளைப் பற்றி இல்லை. அவர்கள் அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு அம்மாவைப் பற்றி.

அவரின் மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அன்றிலிருந்து எத்தனை மனு, எத்தனை கடிதம், எத்தனை ஆணைக்குழு என்று அவரே எண்ணுவதில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் யாராவது தட்டச்சுத் தெரிந்தவரைத் தேடிப்போய், முன்பின் தெரியாத அந்த ஆளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி எழுதுவிக்க வேண்டும். அந்தச் சொல்லுதல்தான் தன்னால் முடியாமல் இருக்கிறது, இனி நானே எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு 58 வயதில் எங்கள் அறைக்கு வந்தார். ஆங்கில எழுத்துகள் அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் விசை வரிசையை ஒட்டி வந்த ரெங்கநாதன் விசைப்பலகை முறையை அந்தக் கணினியில் போட்டு, ஒவ்வொரு விசையிலும் தமிழ் எழுத்து ஸ்ரிக்கர் ஒட்டிக் கொடுத்தோம். முதல் பக்கம் அடித்து முடிக்க நாலு மாதம் எடுத்தது. அதன்பிறகு யாரையும் கேட்காமல் தானே வந்து, தானே திறந்து, தானே எழுதி, தானே அச்செடுத்துக்கொண்டு போவார்.

அவர் எப்படித் திறந்தார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திரையில் இருக்கிற சொற்களை அவர் வாசிப்பதில்லை, அவற்றில் பாதி ஆங்கிலம். அவருக்கு இடம் தெரியும். கீழே இடது மூலை, அதை அமத்தினால் மேலே எழும்பும், அதில் மேலிருந்து மூன்றாவது. தன்னுடைய கோப்புகள் முகப்பில் வலது பக்கம், வேப்ப மரப் படத்தின் கிளைக்குக் கீழே, மஞ்சள் நிற உறை. மொழி மாற்ற, இடது கையால் இரண்டு விசை. வன்னியில் மட்டும் இல்லை, திரையின் மொழி தன் மொழியாக இல்லாத எல்லோரும் கணினியைப் பழகுவது இப்படித்தான். உங்களுக்கு அது ஒரு அமைப்பு, ஒரு வடிவமைப்பு, அடுத்த பதிப்பில் இன்னும் நன்றாக ஆக்கக்கூடிய ஒன்று. அவருக்கோ அந்த இடங்கள்தான் எழுத்தறிவு.

சரி, புதிய பதிப்புக்கு அப்கிரேட் செய்த கதைக்கு வருகிறேன். பழைய பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கப்போகின்றன என்று தெரிந்ததால் ஒரு வெள்ளிக்கிழமை இரவு டொங்கிளைப் போட்டு, இரவு நேர டேற்றாவில் ஒவ்வொரு கணினியாகத் தரமுயர்த்தினேன். விடிய விடிய இருந்து செய்தேன். தொடங்குவதற்கு முன் புதிய பதிப்பைப் பற்றிய குறிப்பு ஒன்று வந்தது, வாசித்தேன், சரி என்று அமத்தினேன். கவனியுங்கள், அந்தக் குறிப்பை வாசித்தது நான். சனிக்கிழமை வந்து அந்தக் கணினிகளின் முன்னால் இருந்தவர்கள் வேறு ஆட்கள்.

செயலிகளைத் திறக்கும் பட்டை கீழிருந்து இடப்பக்கம் போயிருந்தது. முகப்பில் இருந்த கோப்புகள் காணாமல் போயிருந்தன (அழியவில்லை, காட்டப்படவில்லை, ஆனால் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்). சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தான் இல்லை. பட்டிகள் எல்லாம் மூன்று கோடுகளுக்குள் சுருங்கியிருந்தன. நான் பிள்ளைகளோடு நின்றதில் அந்த அம்மா எப்படியோ எழுதும் செயலியைத் திறந்துவிட்டார், அதைக்கூட நான் கவனிக்கவில்லை. திறந்து, வழமைபோல எழுதத் தொடங்கியிருக்கிறார்.

"மகன்" என்று அடித்தால் "மஃஉந" என்று வந்திருக்கிறது.

நடந்தது என்னவென்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ரெங்கநாதன் முறை உள்ளீட்டுப் பொறி ஒன்றின் (எந்த விசைக்கு எந்த எழுத்து என்று மாற்றித் தரும் சிறு மென்பொருள்) வழியாக வருகிறது. தரமுயர்த்தலில் அந்த இணைப்பு அறுந்துபோய், அமைப்பிலேயே உள்ள இலங்கைத் தமிழ் விசைப்பலகை அந்த இடத்துக்கு வந்திருந்தது. அது தமிழ்99 என்ற வேறு விசை வரிசை. ஸ்ரிக்கரில் க இருக்கும் விசையில் ஃ, ன இருக்கும் விசையில் உ, புள்ளி இருக்கும் விசையில் ந. ம மட்டும் இரண்டு முறையிலும் ஒரே விசை. அதனால் முதல் எழுத்துச் சரியாக வந்து அடுத்த எழுத்திலிருந்து எல்லாம் பிழைத்திருக்கிறது. முழுவதும் குழம்பியிருந்தால்கூட "கணினிக்கு ஏதோ நடந்திட்டுது" என்று நினைத்திருப்பார். பாதி சரியாக வந்ததால் பிழை தன் விரலில் என்று நினைத்தார்.

பத்து நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, போன கிழமை நான் ஏதோ அமத்திப் பழுதாக்கிப் போட்டன் போல கிடக்கு. வெளிநாட்டுப் பிள்ளையள் காசு போட்டு வாங்கின சாமான்." இல்லை அம்மா, இது அவர்கள் மாற்றினது, நேற்று இரவு நான்தான் போட்டேன் என்று நான் சொல்லச் சொல்ல அவர் கேட்கவில்லை, நான் அவரை ஆறுதல்படுத்தப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். அதன்பிறகு இரண்டு கிழமை வரவில்லை.

முன்கூட்டியே சொல்லாதது என் பிழை, அதை நான் ஏற்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்கள் மென்பொருள் போய்ச் சேரும் எல்லா இடத்திலும் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் நிற்கமாட்டார். நின்றாலும் மனிதன் சொல்வதைவிட அந்தத் திரையே சொன்னால்தான் நம்புவார்கள். திரை ஒன்றும் சொல்லவில்லை. மாறிய முகத்தோடு, எப்போதும் இப்படித்தான் இருந்தேன் என்பதுபோல நின்றது.

இதுதான் என் முறைப்பாடு, வேறு ஒன்றும் இல்லை. மாற்றாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாற்றினால், மாற்றியது நீங்கள்தான் என்று அந்தத் திரையின் முன்னால் இருக்கிறவருக்கு, அவரின் மொழியில் சொல்லுங்கள்.

மாற்றம் ஏன் தேவை என்பது எனக்குத் தெரியும். திரையில் சாளரங்களைக் காட்டும் அடிப்படை மென்பொருளான எக்ஸ்11 1987இல் வந்தது, அதில் ஒரு செயலியில் நான் அடிக்கும் எழுத்தை இன்னொரு செயலி பார்த்துக்கொண்டிருக்கலாம், அதைத் தடுக்க அந்த அமைப்பில் ஒழுங்கான வழி இல்லை. அதற்குப் பதிலாக 2008இல் தொடங்கிய வேலண்ட் அதைச் சரிசெய்கிறது. அது வேண்டும்தான், அந்த அம்மாவின் கடிதங்களை வேறொருவர் வாசிக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அதே மாற்றத்தால், விசைப்பலகையை ஒழுங்குபடுத்த நாங்கள் தொடக்கத்தில் ஓடவிட்ட செட்எக்ஸ்கேபிமேப் கட்டளை வேலண்டில் ஒன்றும் செய்யாமல் போய்விடுகிறது. பிழைச் செய்தி ஏதாவது வந்தாலும் அது பின்னால் எங்கோ ஒரு பதிவுக்கோப்பில்தான் கிடக்கும், திரைக்கு வராது. க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை 2025 செப்டம்பரில் முன்னிருப்பாக நிறுத்தியது, உபுண்டுவும் 25.10இல் அதை விட்டுவிட்டது. எங்களைப் போன்ற அறைகளில் இது இனித்தான் உறைக்கப்போகிறது.

ஏனென்றால் நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுவதில்லை. உபுண்டுவை எடுத்தால், நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். 22.04இல் க்னோம் 42, 24.04இல் க்னோம் 46. இடையில் நீங்கள் நாலு படி நடந்திருக்கிறீர்கள், ஒவ்வொரு படியும் சின்னதுதான், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, நீங்களே கூடிக் கதைத்து முடிவெடுத்தது. எங்களுக்கு அந்த நாலு படியும் ஒரே இரவில் வந்து விழுகிறது. டேற்றா விலைக்கும் எங்கள் இயந்திரங்களின் வயதுக்கும் வேறு வழியில்லை. உங்கள் மேசையில் இருந்து பார்த்தால் மெல்ல மெல்ல நடந்த மாற்றம், இங்கே எப்போதும் திடீர் மாற்றம்.

இது புதுக்கதையும் இல்லை. 2008 ஜனவரியில் கேடிஈ 4.0 வந்தபோது பழைய 3.5ஐ விட மனமில்லாதவர்கள் அதை ட்ரினிட்டி என்ற பெயரில் இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது, சிறிதாக்கும் பொத்தான்கூட முன்னிருப்பில் இல்லை, அதே மாதம் உபுண்டு 11.04 யூனிட்டி என்ற தன் சொந்த முகப்புக்கு மாறியது. அர்ஜென்டினாவில் ஒரு பாவனையாளர் பழைய க்னோம் 2ஐ எடுத்து மாட்டே என்று தொடங்கினார், மின்ட்காரர் சினமனைத் தொடங்கினார்கள். 2017 ஏப்ரலில் உபுண்டு யூனிட்டியைக் கைவிடுவதாக அறிவித்து, அந்த ஒக்டோபரில் 17.10 பதிப்பில் மறுபடி க்னோமுக்கே வந்தது. ஒரே அமைப்பில் அசையாமல் இருந்த ஒருவர் ஆறரை வருடத்துக்குள் இரண்டு தரம் கையை மாற்றிப் பழகியிருக்கிறார்.

இந்த வரலாற்றைச் சொன்னால் கனபேர் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. இது சுதந்திர மென்பொருள், பிடிக்காவிட்டால் மூலநிரலை எடுத்து நீங்களே மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேறு டெஸ்க்டொப்புக்குப் போங்கள் என்று. அந்தச் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன், அதனால்தான் இங்கே இருக்கிறேன். எங்கள் ஏழில் பலவீனமான இரண்டில் இப்போது எக்ஸ்எஃப்சிஈ போட்டிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. ஆனால் "மகன்" என்று அடிக்கத் தெரிந்த, முதல் பக்கத்துக்கே நாலு மாதம் எடுத்த ஒருவரிடம் மூலநிரலைக் காட்டுவது பதில் ஆகாது. அவருக்கும் அந்த மென்பொருளில் ஒரு பங்கு உண்டு என்றுதானே நீங்கள் எல்லோரும் தொடங்கினீர்கள்?

இன்னொரு விசயம், இதை மொழிபெயர்ப்பில் கை வைத்தவர்களைத் தவிர மற்றவர்கள் கவனிப்பதில்லை. உங்கள் திரையில் ஒரு ஆங்கில வாசகத்தை நீங்கள் கொஞ்சம் திருத்தினால், அதற்கு இருந்த தமிழ் மொழிபெயர்ப்பு "ஐயத்துக்குரியது" என்று குறிக்கப்பட்டு ஒதுக்கப்படும், யாராவது வந்து பார்த்துச் சரி சொல்லும்வரை திரையில் ஆங்கிலம்தான் தெரியும். மொழிபெயர்ப்புகளைத் திரைக்குக் கொண்டுவரும் ஜெட்டெக்ஸ்ட் முறை அப்படித்தான் வேலை செய்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லை அழகாக்க நீங்கள் எடுத்த ஐந்து நிமிடத்தில், போன பதிப்புவரை தமிழில் இருந்த ஒரு பொத்தான் இந்தப் பதிப்பில் ஆங்கிலமாகிவிடுகிறது. இடமும் மாறி மொழியும் மாறினால் அந்தப் பொத்தானை அவர் எதை வைத்துத் தேடுவது? மொழிபெயர்க்கிற தமிழர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், எல்லோரும் வேலை முடிந்து வந்து இரவில் செய்கிறவர்கள். (சொற்களும் ஊருக்கு ஊர் வேறு. எங்கள் பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை, தமிழ்நாட்டில் இயங்குதளம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் திரையில் இரண்டாவதைக் காட்டினால் திகைத்துப் போகும். இதை நாங்கள்தான் எங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும், உங்கள் தலையில் போடவில்லை.)

நான் கேட்பது பெரிதில்லை. தரமுயர்த்திய பிறகு முதல்முறை உள்ளே வரும்போது ஒரு திரை. கணினிக்கு ஒருமுறை போதாது, ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் ஒருமுறை, ஏனென்றால் அப்கிரேட் பொத்தானை அமத்தியவர் ஒருவர், அதில் வேலை செய்கிறவர்கள் பலர். அதில் பழைய முகப்பும் புதிய முகப்பும் பக்கத்தில் பக்கத்தில் படமாக இருக்கட்டும், கீழே இருந்தது இப்போது இங்கே என்று ஒரு அம்புக்குறி காட்டட்டும். முடிந்தால் பழைய ஒழுங்கையே வைத்திரு என்று ஒரு பொத்தான். முடியும் என்று எனக்குத் தெரியும், மாட்டேயிலும் எக்ஸ்எஃப்சிஈயிலும் பட்டைகளின் ஒழுங்கை ஒரு சொடுக்கில் க்னோம் 2 மாதிரியோ வேறு மாதிரியோ மாற்றும் கருவிகள் வருடக்கணக்காக இருக்கின்றன. க்னோமில் 3.38இலிருந்து சுற்றுலா காட்டும் ஒரு செயலியே இருக்கிறது. அது புதியதின் அழகைச் சொல்கிறது, நல்லது, பழையது எங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். இதெல்லாம் வன்தட்டிலேயே இருக்க வேண்டும். "மேலும் அறிய" என்று இணையத்துக்கு அனுப்பினால், டொங்கிள் என் பொக்கற்றில் இருக்கும் நாட்களில் அது வெறும் வெள்ளைப் பக்கம்.

எழுதும் முறையில் மட்டும் நான் பிடிவாதமாகக் கேட்பேன். பட்டை எங்கு போனாலும் தேடிப் பிடிக்கலாம், எழுத்து மாறினால் எழுதவே முடியாது. தரமுயர்த்தல் தொடங்கும்போது ஒவ்வொரு கணக்கிலும் என்ன உள்ளீட்டு முறை இருந்தது, மாற்றும் குறுக்குவிசை எது என்று குறித்துவைத்து, முடிந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தால் அமைதியாக இன்னொன்றை அந்த இடத்தில் வைக்காதீர்கள். "உங்கள் தமிழ் விசைப்பலகையைக் கொண்டுவர முடியவில்லை" என்று சொல்லிவிடுங்கள். தமிழுக்கு மட்டும் இல்லை, உள்ளீட்டுப் பொறி இல்லாமல் எழுத முடியாத எல்லா மொழிக்காரருக்கும் இது பொருந்தும்.

அந்த அம்மா திரும்பி வந்தார். நான் அவரின் வீட்டுக்குப் போய், பக்கத்துக் கணினியிலும் அதே குழப்பம் நடந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினேன், அந்தக் கணினியை அவர் ஒருநாளும் தொட்டதில்லை, அதற்குப் பிறகுதான் நம்பினார். இப்போது விசைப்பலகை சரி, முகப்பில் மஞ்சள் உறையைத் திருப்பி வைத்துவிட்டேன், பட்டையையும் கீழே இறக்கிவிட்டேன். அடுத்த தரமுயர்த்தல் வரும்போது அவருக்கு 60 தாண்டியிருக்கும்.

முதல் திரைக்கு வேண்டிய தமிழ் வாசகத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன். இதைத்தான் எழுதினேன்: "இந்தக் கணினியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுள்ளது. சில பொருட்களின் இடம் மாறியுள்ளது. மாற்றியது நாங்கள். நீங்கள் எதையும் பழுதாக்கவில்லை. உங்கள் கோப்புகள் எல்லாம் பத்திரமாக உள்ளன." உரிமக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், சொற்கள் சரியில்லை என்றால் திருத்தலாம். கடைசிக்கு முந்திய இரண்டு வசனங்களை மட்டும் சுருக்குவதற்காக வெட்டிவிடாதீர்கள்.

உங்களில் யாராவது இப்படி ஒன்றைச் செய்து பார்க்கத் தொடங்கினால் எங்கள் ஏழு கணினிகளில் ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்கித் தருகிறேன். செவ்வாய், வியாழன், சனி, பின்னேரம் 3 மணியிலிருந்து 5.30 வரை. கணினி தெரியாதவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள், இடத்தை வைத்துப் பழகியவர்கள் ஒரு பதினைந்து பேராவது இருந்து பார்த்து எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று சொல்வார்கள். நான் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வாசிகசாலைப் பின்னறையிலிருந்து ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.